தளபதி பெயரில் தெரு, நிலையம்: பாரிஸா, மாஸ்கோவா?

வழி தேடுகிறவர் கண்ணால் பார்த்தால், தெருப்பெயரில் பாரிஸ்தான் ஒரு படி மேல்.

பாரிஸின் விளிம்பைச் சுற்றிச் சுமார் 33 கி.மீ. நீள வளையச் சாலை ஒன்று ஓடுகிறது. பழைய கோட்டை மதிலை ஒட்டி உட்புறமாக இருந்த ராணுவப் பாதை அது. 1864இல் அதைத் துண்டு போட்டு நெப்போலியனின் மார்ஷல்கள் (உச்சப் பதவித் தளபதிகள்) பெயரைச் சூட்டினார்கள். வடக்கே நே, கிழக்கே தவூ, தென்கிழக்கே மாசேனா, மேற்கே முரா. 26 பேரில் 19 பேருக்குத்தான் இடம். 1813இல் ஸ்வீடன் பக்கம் நின்று நெப்போலியனோடு மோதிய பெர்னதோத்துக்குக் கிடைக்கவில்லை (கிடைத்திருந்தால்தான் ஆச்சரியம்). வரிசை பிடிபட்டால், ஊரின் எந்த ஓரத்தில் நிற்கிறோம் என்பதைப் பலகையே சொல்லிவிடும்.

ஒரு சிக்கல்: துண்டு ஒவ்வொன்றும் நீளமானது. "மாசேனாவில் நிற்கிறேன்" என்றால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. 2006இல் அந்தச் சாலையில் வந்த ட்ராம், பல நிறுத்தங்களுக்கு மார்ஷல்களை விட்டுவிட்டு 'போர்ட் தித்தாலி', 'போர்ட் தோர்லேயான்' என நகர வாயில்களின் பெயரை எடுத்துக்கொண்டது. மெட்ரோ நிலையப் பெயர்களில் உள்ள தளபதிகள் க்ளேபர், துரோக், காம்ப்ரோன் எல்லாம் பக்கத்துத் தெரு அல்லது சதுக்கம் வழியாக வந்தவர்கள். பதவிப் பட்டம் கிடையாது, பெயர் மட்டும். காதில் விழுந்ததும் பிடிபடும்.

மாஸ்கோவில் 'குதூசவ்ஸ்காயா' (1958), 'பக்ரதியோனவ்ஸ்காயா' (1961) இரண்டும் நெப்போலியனை எதிர்த்த 1812 போரின் ரஷ்யத் தளபதிகள் பெயரிலான மெட்ரோ நிலையங்கள். நகரை விட்டுப் பின்வாங்குவதெனக் குதூசவ் முடிவெடுத்த ஃபிலி வட்டாரமும் இதுதான். அதே போரில் நின்ற பார்க்ளாய், தெனிஸ் தவீதவ் பெயரிலான தெருக்களும் இங்கேயே. இடமும் பெயரும் இவ்வளவு பொருந்துவது அபூர்வம்.

கோளாறு வடமேற்கில். 'மார்ஷலா பிர்யூசவா', 'மார்ஷலா வசிலெவ்ஸ்கவோ' எனத் தெருவுக்குத் தெரு சோவியத் மார்ஷல். வரைபடத்தில் 'மார்ஷலா' என்று தட்டினால் பட்டியல் கொட்டும். குடும்பப் பெயரைத் தட்டுங்கள். அருகிலுள்ள மெட்ரோவையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிர்யூசவ் தெருவுக்கு இறங்க வேண்டியது 'அக்தியாப்ர்ஸ்கயே போலே'. அந்த நிலையத்தின் பெயரில் மார்ஷலே இல்லை.

குதூசவ்ஸ்காயாவிலும் கவனம் தேவை. 2016இல் திறந்த மத்திய வட்ட ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். எதன் வாசலில் சந்திப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.