ஊட்டியில் ‘ஒரிஜினல்’ பறவைப் படம் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மே மாத சீசனில் ஊட்டியில் ஒரு பழம்பொருள் கடையில் இரண்டு பறவைப் படங்கள் வாங்கினோம். இரண்டும் ஃபிரேம் போட்டு, பின்பக்கம் காக்கித்தாள் ஒட்டி மூடியவை. ஒன்றின் விலைச்சீட்டில் ‘ஜான் கூல்ட், 1832, ஒரிஜினல்’ என்று இருந்தது. மற்றதில் ‘ஜெர்டன், மதராஸ், 1847, கையால் வண்ணம் தீட்டியது’. சேர்த்து 28,000 ரூபாய். ஃபிரேமைத் திறந்து காட்டச் சொன்னோம். “திறந்தா ஈரம் ஏறிடும் சார், பழைய பேப்பர் தாங்காது” என்றார்கள். வாங்கிய பிறகு திறந்தால், முதல் படம் புத்தம்புது அச்சு. இரண்டாவது நிஜமாகவே பழையது, ஆனால் ஜெர்டனுடையது அல்ல. அந்தப் பழைய தாளையும் பாழாக்கி வைத்திருக்கிறார்கள்.

ஜெர்டன் பெயரை நீலகிரியில் தூண்டிலாகப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. மதராஸ் படையில் மருத்துவராக இருந்த டி. சி. ஜெர்டன்தான் நீலகிரிச் சிரிப்பானையும் கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பானையும் 1839-இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர். 1843 முதல் 1847 வரை மதராஸில் அவர் வெளியிட்ட பறவை ஓவியத் தொகுதியில் இருப்பவை 50 படங்கள் மட்டுமே. எல்லாம் கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அதிலிருந்து தாளில் அடித்துக் கையால் வண்ணம் தீட்டியவை. நம்ம ஊர்ப் பறவை, நம்ம ஊர் அச்சு என்றதும் மனம் இளகிவிடும். இளகுகிற அந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறார்கள்.

முதலில் கூல்ட் படம். இமயமலையின் மோனால் ஆண் பறவை. ஆங்கிலேயப் பறவையியலாளரான கூல்டின் இமயமலைப் பறவைகள் தொகுதியில் 80 படங்கள் உண்டு. கல்லில் வரைந்தவர் அவர் மனைவி எலிசபெத். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றைக் கழுத்தின் பச்சை மேல் வைத்தவுடன் விஷயம் முடிந்துவிட்டது. நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூக்கள்போல ஒழுங்காக அடுக்கியிருந்தன. சிவகாசி காலண்டரை லூப்பில் பார்த்தால் என்ன தெரியுமோ, அதேதான். இந்தப் புள்ளித்திரை முறை 1880-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1832-இல் அடித்த தாளில் அது இருக்க வழியே இல்லை. உண்மையான கல்லச்சில் கருப்புக் கோடு, சொரசொரப்பான சுவரில் கரித்துண்டால் இழுத்ததுபோல மணல்மணலாகத் தெரியும். அதன் மேல் வண்ணம் தண்ணீராகப் பரவி, அங்கங்கே கோட்டைத் தாண்டி நிற்கும். கண்ணிலும் கரும் இறகிலும் கருவேலம்பிசின் பூசியிருந்தால், தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்கும்போது அந்த இடம் மட்டும் பளபளக்கும்.

எங்களுக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றைப் பார்த்துத்தான். படத்தைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு பள்ளம் அழுத்தியிருந்தது. செப்புத்தகட்டு அச்சில் தகட்டின் விளிம்பு ஈரத்தாளில் பதிந்து உண்டாகும் தடம் அது. பிளேட் மார்க் என்பார்கள். அது இருந்தால் அசல் என்று பலர் நம்புகிறார்கள். கல்லச்சில் அந்தத் தடம் வரவே வராது, ஏனென்றால் அங்கே தகடே கிடையாது. அதாவது, அரைகுறையாக விஷயம் தெரிந்தவரையும் நம்பவைக்க யாரோ உட்கார்ந்து, அட்டை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். கூல்ட் படத்தில் பிளேட் மார்க் கண்டால் உடனே கீழே வைத்துவிடுங்கள்.

தாளின் அளவு 42 × 29.7 செ.மீ. வேறொன்றுமில்லை, ஏ3. அசல் தாள் சுமார் 55 செ.மீ. உயரம். ஓரத்தை வெட்டிவிட்டார்கள் என்று கடைக்காரர் சொல்லலாம். வெட்டினால் ஓரம்தான் குறையும், பறவையே சிறுத்துப் போகாது.

பழுப்பு நிறம் டீ டிகாஷன். அசலில் வெளிச்சம் பட்ட நடுப்பகுதி பழுத்து, மவுண்ட் அட்டை (ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை) மூடிய ஓரம் வெளிறியிருக்கும். மலிவான மவுண்ட் என்றால் அதன் உள்விளிம்பு ஒட்டியே ஒரு பழுப்புக் கோடு விழும். இதில் மவுண்டுக்கு அடியிலும் பின்பக்கத்திலும் ஒரே நிறம், தொங்கவிட்டு உலர்த்திய ஒரு மூலையில் மட்டும் தேங்கிய கறை. ரூபாய் நோட்டு பார்க்கும் யூ.வி. டார்ச்சை இருட்டில் அடித்தபோது, டிகாஷன் சரியாக ஏறாத விளிம்பு நீலவெள்ளையாக மின்னியது. தாளுக்கு அந்த வெண்மையூட்டி சேர்ப்பது இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்துதான். மின்னினால் புதுசு, சந்தேகமில்லை. மின்னாவிட்டால் பழசு என்று மட்டும் முடிவுகட்ட வேண்டாம். இன்றைய பருத்தித் தாள்களில் பலவும் மின்னாது.

இரண்டாவது படம் ஒரு கவுதாரி. லூப்பில் பூப்புள்ளி இல்லை. அதற்காகக் கைவண்ணமும் இல்லை. ஒழுங்கற்ற பொடிப்பொடிப் புள்ளிகளும் திட்டுத்திட்டான தனி நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. இது வண்ணக் கல்லச்சு, நிறத்துக்கு ஒரு கல் வைத்து அடிப்பது. கல்கத்தாவில் 1879 முதல் 1881 வரை ஹியூமும் மார்ஷலும் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட வேட்டைப் பறவைகள் நூலின் பக்கம் இது. 1885-இல் காங்கிரஸ் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான அதே ஏ. ஓ. ஹியூம்தான். நல்ல படம், ஆசைப்பட்டு வாங்கத் தகுந்த படம். அதன் சொந்தப் பெயரில், அதற்குரிய விலையில் விற்றிருக்கலாம்.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது கீழ் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தாள் மெலிந்து தெரிந்தது. பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள். நூலக முத்திரை இருந்த இடமாகத்தான் இருக்க வேண்டும். ஏதோ ஒரு நூலகத்துப் புத்தகத்தைக் கிழித்துத்தான் இது சந்தைக்கு வந்திருக்கிறது என்பது எங்கள் சந்தேகம். மலையில் பழைய கிளப், பங்களா, பள்ளி நூலகங்கள் நிறைய. இப்படி வாங்க ஆள் இருக்கும்வரை அங்கே பிளேடு போய்க்கொண்டுதான் இருக்கும். மெலிந்த இடமோ, பாதி அழிந்த வட்டமோ கண்ணில் பட்டால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அந்தத் தாளை ஹார்ட்போர்டில் முழுக்க ஃபெவிகால் தடவி ஒட்டியிருந்தார்கள். கேட்டால் மலை ஈரத்துக்குப் பாதுகாப்பாம். நடப்பது நேர்மாறானது. ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்கும் வந்து காற்று நனையும்போது தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒட்டிய தாளுக்கு அசைய இடமில்லாததால் அது நடுவில் குமிழும் அல்லது கிழியும். ஹார்ட்போர்டின் அமிலம் வேறு பின்னாலிருந்து ஏறும். ஆவி பிடித்து உரித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள்; கைவண்ணப் படமானால் வண்ணம் ஓடிவிடும். சரியான முறை: பருத்தி மவுண்ட் அட்டை, படத்தைத் தொங்கவிட மேல் விளிம்பில் மட்டும் கீல்போல இரண்டு ஜப்பானியத் தாள் துண்டுகள், கோதுமை ஸ்டார்ச் பசை. செல்லோடேப் கூடவே கூடாது. கண்ணாடி படத்தைத் தொடாமல் மவுண்ட் இடைவெளி விட வேண்டும். ஃபிரேமின் கீழ் மூலைகளில் பின்னால் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். மழை அடிக்கும் வெளிச்சுவரும் கணப்புக்கு மேலுள்ள இடமும் வேண்டாம்.

இனி பணத்தைப் பற்றி. கடை கொடுத்த பில்லில் ‘ஃபிரேம் படம் – 2’ என்று மட்டும் எழுதியிருந்தது. எங்கள் தரப்பு பலவீனமானது அதனால்தான். கையில் இருந்தது விலைச்சீட்டின் புகைப்படம் மட்டுமே. பில்லில் வெளியிட்டவர் பெயர், ஆண்டு, அச்சு முறை, ‘அசல்’ என்ற சொல், இந்த நான்கும் எழுத்தில் வர வேண்டும். எழுத மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பலகை மாட்டியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் வேறு கெடு இல்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பித் தரும்போது வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சுற்றுலா வந்து ஏமாந்தவர்கள் இதற்காக மறுபடி மலையேற வேண்டியதில்லை.

எங்களுக்குக் கூல்ட் படத்தின் பணம் மட்டும் திரும்பி வந்தது. படத்தைக் கடையே வைத்துக்கொண்டது, அதனால் மறுபடி விற்பனைக்கு வரும். அடையாளம் சொல்லிவிடுகிறோம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு நூலக ஸ்கேனிலிருந்து எடுத்ததால், அந்தப் பிரதியில் இருந்த பூஞ்சைக் கறையும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. மோனாலின் இடது கால் விரலுக்குப் பக்கத்தில், அவரை விதை வடிவத்தில் ஒரு பழுப்புப் புள்ளி. லூப்பில் அந்தக் கறையும் நான்கு நிறப் புள்ளிகளாகப் பிரியும். தாளைத் திருப்பினால் பின்னால் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. திருப்பிக் கொடுக்கப் போன அன்று, அதே புள்ளியுடன் இன்னொரு பிரதி அந்தக் கடைச் சுவரில் மாட்டியிருந்தது.