ஸ்கேனைக் காட்டிப் பயமுறுத்தி, கரண்ட் வைத்துப் பணம் பறிக்கிறார்கள்

முதுகுவலிக்கு பிசியோதெரபி மையம் தேடிக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கட்டும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். பிசியோதெரபியைக் குறை சொல்ல எழுதவில்லை. அதே துறையைச் சேர்ந்த இன்னொருவரின் புண்ணியத்தில்தான் இன்று நான் பயமில்லாமல் குனிந்து நிமிர்கிறேன். அந்தத் துறையின் பெயரைப் பலகையில் மாட்டிக்கொண்டு நடக்கும் ஒரு வியாபாரத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எனக்கு இருந்தது அடிமுதுகு வலி. காலுக்கு இறங்கவில்லை, எங்கும் மரத்துப்போகவில்லை. காலையில் எழும்போது பிடித்துக்கொள்ளும். நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் நிமிரச் சற்று நேரம் ஆகும். இணைய மதிப்பீடுகளில் நட்சத்திரங்களை அள்ளிக் குவித்திருந்த ஒரு மையத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்தவர் முதலில் கேட்டதே ஸ்கேன் இருக்கிறதா என்றுதான். இல்லை என்றதும், எங்கே எடுக்க வேண்டும் என்று அவரே சீட்டு எழுதிக் கொடுத்தார். அதுவரை ஒருவரும் என் முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்கேனோடு திரும்பியதும் 'ஆலோசகர்' அறைக்கு அனுப்பினார்கள். மேசைமேல் பிளாஸ்டிக்கில் ஒரு முதுகெலும்பு. அதில் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளில் (டிஸ்க்) ஒன்று மட்டும் சிவப்பாகப் பிதுங்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தியபடியே, "உங்கள் ஜவ்வு இப்படித்தான் வெளியே வந்திருக்கிறது. எலும்பும் தேய்ந்திருக்கிறது. இப்படியே விட்டால் நரம்பை நசுக்கும், அப்புறம் ஆபரேஷன்தான்" என்றார் ஆலோசகர். குனியாதீர்கள், தரையில் உட்காராதீர்கள், எடை தூக்காதீர்கள், முடிந்தவரை படுத்தே இருங்கள் என்று வரிசையாகத் தடைகள். பேச்சு முடிவதற்குள் மூன்று பேக்கேஜ்கள் அச்சடித்த அட்டை மேசைக்கு வந்துவிட்டது. இன்றே முழுத் தொகையும் கட்டினால் சலுகையாம். நரம்பு நசுங்கும் என்று கேட்டவர் பேரமா பேசுவார்? கட்டினேன்.

இந்த வியாபாரத்தின் ஆணிவேரே அந்த ஸ்கேன் பேச்சுதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதுகுவலியே இல்லாதவர்களின் முதுகெலும்பு ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. மொத்தம் 3,110 பேர். வலி எதுவும் இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதத்தினருக்கு வட்டுத் தேய்மானம் இருந்தது. 30 சதவீதத்தினருக்கு வட்டுப் பிதுக்கம். ஐம்பது வயதில் பிதுக்கம் 60 சதவீதம், எண்பது வயதில் தேய்மானம் 96 சதவீதம். வலியே தெரியாமல் நடமாடுகிறவர்களின் கணக்கு இது. தலை நரைப்பது போலத்தான் முதுகெலும்பும் வயதைக் காட்டுகிறது. தேய்மானம் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். இந்த வலிக்கு அதுதான் காரணம் என்பது வேறு விஷயம். அதை ஸ்கேன் படம் மட்டும் சொல்லாது. கைவைத்துச் சோதிக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். அந்த இரண்டையும் விட்டுவிட்டுத்தான் எனக்கு ரசீது போட்டார்கள்.

பிறகு சிகிச்சை. திரைச்சீலை போட்டுத் தடுத்த கட்டில்கள் வரிசையாக இருக்கும். குப்புறப் படுக்கச் சொல்லி, ஈரமான பஞ்சு வைத்த நான்கு பட்டைகளை முதுகில் ஒட்டி, இயந்திரத்தின் குமிழைத் திருப்பி, "சுருக்கென்று தெரிகிறதா?" என்று கேட்பார் உதவியாளர். தெரிகிறது என்றால் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். மணி அடித்ததும் வந்து பட்டைகளைக் கழற்றி, குளிர்ந்த களிம்பைத் தடவி அல்ட்ராசவுண்ட் தலையை நாலு சுற்றுச் சுற்றுவார், அதுவும் அலைபேசியில் பேசிக்கொண்டே. அடுத்து இடுப்பில் வார் கட்டி இழுக்கும் ட்ராக்‌ஷன். அட்டையில் கையெழுத்து. அவ்வளவுதான். பிசியோதெரபிஸ்ட் என்று முதல் நாள் அறிமுகப்படுத்தப்பட்டவரை அதன் பிறகு நடைபாதையில்தான் பார்த்தேன்.

பயிற்சி ஏதாவது சொல்லித் தருவீர்களா என்று கேட்கும்போதெல்லாம் வந்த பதில் ஒன்றுதான்: வலி முழுவதும் போகட்டும், அப்புறம் பார்க்கலாம். நடுவில் தனிக் கட்டணத்துக்கு ஒரு இடுப்பு பெல்ட்டையும் தலையில் கட்டினார்கள்.

இதில் எனக்குப் பெரிய எரிச்சல் என்னவென்றால், இவையெல்லாம் ரகசியமான தகவல்கள் அல்ல. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, அடிமுதுகு வலிக்கு இந்தக் கரண்ட் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், ட்ராக்‌ஷன், பெல்ட் எதையும் தர வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட அடிமுதுகு வலிக்கென்று 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் பெல்ட்டையும் ட்ராக்‌ஷனையும் பரிந்துரைக்கவில்லை, பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. ஆக, வேண்டாம் என்று சொன்னவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கியெடுத்து அதற்கு பேக்கேஜ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

படுத்தே இருக்கச் சொன்னதும் அதே ரகம். ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடையே நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், முதுகுவலி வந்தபோது படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட, தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் குணமடைந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: புதிதாக வரும் முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். பேக்கேஜும் அதே சில வாரங்களுக்குத்தான் ஓடும். வலி போனால் பெயர் இயந்திரத்துக்கு. போகாவிட்டால் அடுத்த பேக்கேஜ். எனக்கு அடுத்ததைத்தான் நீட்டினார்கள். அன்றோடு அங்கே போவதை நிறுத்தினேன்.

பிறகு நான் பார்த்த வேறொரு பிசியோதெரபிஸ்ட்டின் அறையில் ஒரு கட்டில், சில ரப்பர் பட்டைகள், ஒரு மரப்படி, இவ்வளவுதான். ஸ்கேன் உறையை நீட்டினேன். அப்புறம் பார்க்கிறேன் என்று ஓரமாக வைத்துவிட்டார். சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம் உண்டா, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறதா, காய்ச்சல் இருந்ததா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, கீழே விழுந்தீர்களா, எப்போதாவது புற்றுநோய் வந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். கால்களின் பலத்தைச் சோதித்தார். பிறகு குனியச் சொன்னார். பாதியில் நின்று, "குனியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்" என்றேன். "அப்படியென்றால் செருப்பை யார் போட்டுவிடுகிறார்கள்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே குனிந்தேன். பிடித்தது, ஆனால் எதுவும் ஒடியவில்லை.

அவர் சொல்லித் தந்தவை மூன்றே பயிற்சிகள். வலி பத்துக்கு மூன்று, நான்கு வரை இருந்தால் செய்யலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அளவு சரி, திரும்பாவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டாம் என்றார். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். எப்படி உட்கார வேண்டும் என்று கேட்டதற்கு, எப்படியும் உட்காருங்கள், ஆனால் அப்படியே நெடுநேரம் இருக்காதீர்கள் என்றார். நாற்காலி விற்கிறவர்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது. தினமும் நடக்கச் சொன்னார். ஆஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், வழிகாட்டுதலோடு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்ப வர இடைநிலையாக 208 நாட்கள் ஆயின, செய்யாதவர்களுக்கு 112. நடப்பதற்கு இயந்திரமும் தேவையில்லை, ரசீதும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே அவர் கேட்ட கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு உங்கள் பதில் 'ஆம்' என்றால், இந்தப் பதிவை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கட்டுப்படாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலம் குறைந்துகொண்டே வருவது ஆகியவற்றுக்கு அன்றைக்கே அவசரப் பிரிவு. அங்கே ஸ்கேன் அவசியம்.

மற்றவர்கள், பணம் கட்டும் முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். என்னைச் சோதிக்கப் போவது யார், அவருடைய படிப்பும் பதிவு எண்ணும் என்ன, ஒவ்வொரு முறையும் அவரே இருப்பாரா, வீட்டில் செய்ய என்ன சொல்லித் தருவீர்கள், பாதியில் நிறுத்தினால் மீதித் தொகை வருமா? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். எனக்கு வாயால் "பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். மீதியைக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த 'திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்கள். வேண்டுமானால் மீதமுள்ள சிட்டிங்குகளை வீட்டில் வேறு யாருக்காவது மாற்றித் தருகிறோம் என்றார்கள், யாருக்கு என்ன வலி என்றுகூடக் கேட்காமல்.

புகார் எழுதுவதற்காக என் சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டேன். பல நாள் இழுத்தடித்துவிட்டுத் தந்தது, நான் கையெழுத்துப் போட்ட அந்த வருகை அட்டையின் நகலை. சோதித்த விவரம், வலியின் அளவு, முன்னேற்றம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதையே புகாரோடு இணைத்து அனுப்பியிருக்கிறேன்.