ஆட்டுப்பட்டிக்கு அலம்பல் வேலியா, கம்பிவலையா?

இலங்கையின் வன்னியில் குளக்கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் செம்மறி மேய்ப்பவர்கள், நரிக்கும் கட்டாக்காலி நாய்களுக்கும் குட்டிகளைப் பறிகொடுத்த பின்னரே பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு வருகிறார்கள்.

செலவு: அலம்பல் என்னும் முட்கிளை வேலிக்குக் கிளைகளும் வெட்டிக் கட்டும் ஆட்கூலியும் போதும். கம்பிவலைக்குத் தொடக்கத்திலேயே பெரும் பணம் வேண்டும்.

உழைப்பு: அலம்பல் மாரி மழையிலும் கறையானிலும் இற்றுப்போவதால் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். துத்தநாகம் பூசிய வலை பல ஆண்டுகள் நிற்கும்.

பாதுகாப்பு: நரி பெரும்பாலும் வேலிக்கு அடியில் தோண்டியோ இடுக்கு வழியாகவோ நுழைவதால், வலையின் அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்து ஓரடி அகலத்துக்கு மண்ணில் புதைப்பதே உறுதியான தடையாகும், அலம்பலில் இதற்கு வழியில்லை. மெல்லிய கோழிக்கூட்டு வலையை நாய்கள் கிழித்துவிடும் என்பதால் அதில் மிச்சம்பிடிப்பது வீண். பல ஆடுகள் பின்தொடையில் குதறப்பட்டுக் கிடந்தால் நாய்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். சிறுத்தைக்கோ, கூரையில்லாத எந்த வேலியும் பொருட்டல்ல. அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால் பொறி வைப்பதும் நஞ்சிடுவதும் குற்றமாகும்.

எருவுக்காக வயல் வயலாகப் பட்டியை மாற்றுபவர்களுக்கு அலம்பலே பொருந்தும், இரவுக்காவல் இருந்தால். நிலையான பட்டிக்குக் கம்பிவலை நல்லது. காட்டோரமாயின் அதற்குக் கூரையும் வேண்டும். பணம் போதாதவர்கள் குட்டிகளுக்கு மட்டும் சிறிய வலைக்கூடு அமைத்து, பெரிய ஆடுகளை அலம்பலுக்குள் அடைக்கலாம்.