டேங்கருக்குள் தளும்பும் தண்ணீர்: எஸ்.பி.ஹெச். முறையா, எம்.பி.எஸ். முறையா?

நாமக்கல் பக்கம் டேங்கர் பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவர், "பாதித் தண்ணியோட சடன் பிரேக் போட்டா உள்ள இருக்கற தடுப்புத் தகடு தாங்குமுங்களா?" என்று கேட்டார். தண்ணீர் சுருண்டு எழுந்து, தெறித்து, மறுபடி ஒன்று சேரும் கணக்கு அது. கோயம்புத்தூர் பம்பு போல உள்ளே நீர் நிறைந்து ஓடினால், இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் வலைக்கண்ணி முறையே போதும். இதற்குத் தண்ணீரைத் துகள்களாகப் பிரிக்கும் முறைதான் தோது.

அப்படிப்பட்ட இரண்டு முறைகள்தான் எஸ்.பி.ஹெச். (ஸ்மூத்டு பார்ட்டிகிள் ஹைட்ரோடைனமிக்ஸ்), எம்.பி.எஸ். (மூவிங் பார்ட்டிகிள் செமி-இம்ப்ளிசிட்). எஸ்.பி.ஹெச். 1977-ல் விண்மீன் கணக்குகளுக்காகப் பிறந்தது. எம்.பி.எஸ்., 1996-ல் ஜப்பானின் கொஷிசுகாவும் ஓகாவும் தந்தது. இரண்டிலும் துகள்கள் அக்கம்பக்கத்துத் துகள்களைப் பார்த்தே நகர்கின்றன. அழுத்தத்தைக் கண்டுபிடிப்பதில்தான் வேறுபடுகின்றன.

எம்.பி.எஸ். தண்ணீர் சுருங்காது என்று வைத்து, ஒவ்வொரு காலப்படியிலும் (கணக்கு ஒரு தடவை முன்னேறும் சிறு நேரத் துண்டு) எல்லாத் துகள்களின் அழுத்தத்தையும் ஒரே சமன்பாட்டுத் தொகுப்பாகத் தீர்க்கிறது. எஸ்.பி.ஹெச். கொஞ்சம் சுருங்கவிட்டு, அடர்த்தியிலிருந்து நேராக அழுத்தத்தை எடுத்துக்கொள்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். 10,000 லிட்டரை 2 செ.மீ. இடைவெளியில் பிரித்தால் 12.5 லட்சம் துகள்கள். எம்.பி.எஸ். முறையில் அத்தனையும் ஒன்றோடொன்று பின்னிய சமன்பாடுகள். எஸ்.பி.ஹெச். முறையில் ஒவ்வொரு துகளும் தன் கணக்கைத் தனியே முடித்துக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டுக்கு அல்வா சாப்பிடுவது போல. எஸ்.பி.ஹெச். முறையில் தண்ணீர் எவ்வளவு சுருங்கும் என்பதை ஒலிவேகம்தான் தீர்மானிக்கிறது. அதை நிஜமான நொடிக்கு 1,480 மீட்டரில் வைத்தால் காலப்படி மிகச் சிறுத்துவிடும். நீரின் உச்ச வேகத்தைப் போல 10 மடங்கு வைத்தால் போதும், அடர்த்தி மாற்றம் 1 சதவீதத்துக்குள் நிற்கும். அப்படியும் எம்.பி.எஸ். காலப்படிதான் பெரியது. ஆனால் என்னிடம் இருந்த ஒற்றைக் கார்டில், சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்கும் செலவு அந்த ஆதாயத்தைத் தின்றுவிடும் என்று தோன்றியது. இடைவெளியைப் பாதியாக்கினால் துகள்கள் 8 மடங்கு, படிகள் 2 மடங்கு, ஆக வேலை 16 மடங்கு. அதனால் ஒரு படியின் செலவு சின்னதாக இருந்தே ஆகவேண்டும். டூயல்எஸ்பிஹெச்சிக்ஸ் என்ற திறந்த மூல நிரல் இலவசமாகக் கிடைப்பதும் கைகொடுத்தது.

குறையும் உண்டு. வெறும் எஸ்.பி.ஹெச். தரும் அழுத்தம் இரைச்சலாகத் துள்ளும். அடர்த்தியின் துள்ளலைச் சமன்படுத்தும் அடர்த்திப் பரவல் உறுப்பைச் சமன்பாட்டில் சேர்த்த பிறகே அழுத்த வரைபடம் அடங்கியது. எம்.பி.எஸ். முறையை நான் இருபரிமாணச் சிறு கணக்குகளில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். சமன்பாட்டுத் தொகுப்பை வேகமாகத் தீர்க்கும் நல்ல தீர்வி (சால்வர்) கையில் உள்ளவர்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம்.

தகட்டின் உச்ச அழுத்தத்தை ஒரே ஓட்டத்தை நம்பிச் சொல்லவில்லை. 4, 3, 2 செ.மீ. என மூன்று இடைவெளிகளில் ஓட்டி, எண் ஓரிடத்தில் நின்ற பிறகுதான் பட்டறைக்குப் போன் செய்தேன்.