1971 கொம்பி வான்: கல்லடிக் கடற்காற்றில் சில வருட அனுபவம்

பழைய போக்ஸ்வாகன் கொம்பி ஒன்றை வாங்கித் திருத்தி, அதில்தான் இப்போது குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறோம். மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஏ4 வீதியில் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் தாண்டிப் பொத்துவில், அறுகம்பை வரை போவோம். நினைத்த இடத்தில் நிறுத்திப் படுக்கலாம் என்பதற்காகவே வாங்கியது.

விற்றவர், தொழிற்சாலையிலிருந்தே கட்டில் அலுமாரியோடு வந்த கேம்பர் என்றார். அதை அப்படியே நம்பிவிடாமல் வண்டியையே விசாரித்தோம். சேசிஸ் இலக்கம் 231 என்று தொடங்குகிறது. 2 என்றால் டைப் 2, அதாவது போக்ஸ்வாகனின் வான் வகை; 3 என்றால் அதில் கொம்பி, 1 என்றால் 1971 மாடல். அதாவது 1970 ஓகஸ்டுக்கும் 1971 ஜூலைக்கும் இடையில் செய்தது. முன் சில்லுகளில் டிஸ்க் பிறேக், பின்னால் சின்ன விளக்கு; இரண்டும் சேர்ந்து இருப்பது இந்த மாடலில்தான். முன் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு இருக்கிறது, எம் பிளேட் என்பார்கள். நிறம், கூடுதல் வசதி, எந்த நாட்டுக்கு அனுப்பியது எல்லாம் அதில் எண்களாக அடித்திருக்கும். அதன்படி எங்கள் வண்டி முதலில் கீழே நயாகரா நீலம், மேலே பாஸ்டல் வெள்ளை. கதவின் உள் விளிம்பைச் சுரண்டியபோது, மேலே பூசிய பச்சைக்கு அடியில் அதே நீலம் வந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

கேம்பர் கதைதான் நிற்கவில்லை. ஜெர்மனியில் வெஸ்ட்பாலியா நிறுவனமும் பிரிட்டனில் டெவன் நிறுவனமும் கொம்பியை எடுத்துத்தான் கேம்பராக மாற்றினார்கள், அதனால் சேசிஸ் இலக்கத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் தரையில் இருக்கை பூட்டிய துளைகள் தேய்ந்து கிடந்தன, சுவரில் அலுமாரி பூட்டிய தடம் எங்குமே இல்லை. ஆள் ஏற்றி ஓடிய வண்டி. சரி என்று வெஸ்ட்பாலியா முறையைப் பார்த்துக் கட்டிலை நாங்களே செய்தோம். பின் இருக்கையை மடித்தால் என்ஜின் மேல்தட்டோடு சமமாகிவிடும்.

இனி என்ஜின். 1600 சிசி, தண்ணீர் கிடையாது, விசிறிக் காற்றில்தான் குளிரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கல்முனையைத் தாண்டுவதற்குள் எண்ணெய் கருகும் மணம் வந்துவிடும். கேட்ட கராஜ்களில் எல்லாம், பின் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து ஓடச் சொன்னார்கள். மூல வடிவமைப்பைத் தேடிப் படித்த பிறகுதான் காரணம் விளங்கியது. என்ஜினைச் சுற்றித் தகரங்களும் ஓரத்தில் றப்பர் பட்டியும் இருக்க வேண்டும். மேலே இருப்பது விசிறி இழுக்கும் குளிர் காற்று, கீழே போவது சிலிண்டரைக் குளிர்வித்துச் சூடேறிய காற்று. இரண்டும் கலக்கவே கூடாது. எங்களுடையதில் றப்பர் பட்டி இல்லை. 1971 மாடலில் எண்ணெய்க் குளிரூட்டியைப் புதிதாக ஒரு தனிக் கூட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அதன் சூட்டைக் கீழே தள்ளும் தகரக் குழாயையும் காணோம். சுட்ட காற்றையே விசிறி திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது.

காத்தான்குடியில் தகட்டு வேலை செய்யும் நானா ஒருவர் மட்டையில் அளவு வெட்டிப் பொருத்திப் பார்த்து, அந்தத் தகரக் குழாயை அச்சு அசலாகச் செய்து தந்தார். “தம்பி, இதைக் கழற்றினவன் என்ஜினைக் கழற்றினதுக்குச் சமன்” என்றார். றப்பரை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தோம். அதற்குப் பிறகு அந்த மணம் வரவில்லை. எண்ணெய் இரண்டரை லீற்றர்தான், அதனால் மாற்றுவதில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளியையும் 0.15 மில்லிமீற்றருக்குச் சரிபார்க்கிறோம். என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும்.

கறள் தீராத தொல்லை. உப்புக் காற்று வெளியிலிருந்து அரிக்கிறது, மார்கழி மழை உள்ளே தேங்குகிறது. படிக்கட்டுக்குக் கீழுள்ள பெட்டித் தகடுகளிலும் இழுவைக் கதவின் அடியிலும் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் விட்டிருக்கிறார்கள். முன்பு யாரோ அவற்றைப் பட்டிப் பசை போட்டு அடைத்திருந்தார்கள். திறந்துவிட்டு உள்ளே மெழுகு அடித்தோம். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் கம்பியால் குத்திப் பார்க்கிறேன்.

வேகம் எதிர்பார்க்க வேண்டாம், பெற்றோலும் நன்றாகக் குடிக்கும். பக்கக் காற்றடித்தால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இருந்தாலும் இழுவைக் கதவு இடது பக்கம் இருப்பதால் வீதியோரத்தில் நிறுத்திப் பிள்ளைகளை இறக்கப் பயமில்லை. அந்த ஒன்றுக்காகவே என் மனைவி இதை விற்க விடமாட்டார்.

வாங்க நினைப்பவர்கள் பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். என்ஜின் அறையில் பற்றரி இருக்கும் தட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், அப்புறம் ஓரத்து றப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். எம் பிளேட் இருந்தால் படம் எடுத்துவிட்டு விலை பேசுங்கள்.