வாம்பயரா மிக்-15-ஆ: நம்ம ஊரு ஈரத்துக்கு எந்த பால்சா ஜெட் தாங்கும்?

வாம்பயர், மிக்-15 ரெண்டும் பழைய போர் ஜெட், ரெண்டையும் ரிமோட்ல பறக்குற மாடலா கட்டிட்டேன். வாம்பயர் இப்பவும் பறக்கு, மிக்-15 மச்சுல கெடக்கு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல, பால்சாவுல, அதாவது எடை ரொம்பக் கம்மியான மரத்துல, ஒரு பழைய போர் ஜெட் செஞ்சு பறக்கவிடணும், எதுல தொடங்கலாம்னு ரெண்டு மூணு பேரு கேட்டுட்டாவ, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு தோணுச்சு. நான் வாம்பயர் பக்கம்தான், அத முதல்லயே சொல்லிடுறேன்.

ரெண்டுமே 1:14 அளவு. வாம்பயர் ரெக்கை நுனிக்கு நுனி 82 சென்டிமீட்டர், மிக் 72. எடை வாம்பயர் 380 கிராம், மிக் 420. ரெண்டுலயும் அதே 50 மில்லிமீட்டர் ஈடிஎஃப், அதாவது குழாய்க்குள்ள சுத்துற சின்ன ஃபேன், மூணு செல் 1300 எம்ஏஹெச் லிப்போ பேட்டரி, மூணு சர்வோ, அதாவது ரெக்கை, வால் மடிப்ப அசைக்குற சின்ன மோட்டார். ரெக்கை பரப்புல பாத்தா வாம்பயருக்கு ஒரு சதுர டெசிமீட்டருக்கு சுமாரா 31 கிராம், மிக்குக்கு 40. ரெக்கைக்கு சுமை கம்மியா இருந்தா மெதுவாப் பறந்து எறங்கலாம், இந்த ஒரு வித்தியாசத்துலயே பாதி கதை முடிஞ்சிரும், ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல.

நேட்னு நம்ம விமானப்படையில இருந்த குட்டிப் போர் ஜெட்ட ஏன் எடுக்கலன்னு கேப்பீங்க. 1971 டிசம்பர் 14 ஸ்ரீநகர்ல நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டின விமானம், அதக் கட்டணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா நிஜ நேட்டுக்கே ரெக்கை 6.73 மீட்டர்தான், 1:14-ல 48 சென்டிமீட்டர் வரும், அதுக்குள்ள ஃபேனும் பேட்டரியும் வச்சா கல்லு மாதிரி விழும். பெருசா கட்டுனா நல்லா வரலாம், நான் கட்டுனதில்ல. தூஃபானி, அதாவது நம்ம விமானப்படையில இருந்த பிரெஞ்சு ஜெட், நேரான ரெக்கை, நல்ல வண்டி, ஆனா எனக்கு சரியான பிளான் கிடைக்கல.

எஞ்சின் விஷயத்த சுருக்கமா முடிச்சிடுறேன். 1940-கள் கடைசியில இங்கிலாந்துல வந்த ஜெட்டெக்ஸ்னு சின்ன ராக்கெட் மோட்டார வச்சுதான் அந்தக் காலத்துல பால்சா ஜெட்டெல்லாம் பறந்துது, இப்ப நம்ம ஊருல அதத் தேடி நேரத்த வீணாக்க வேண்டாம். ரப்பர் வில்லு வச்சு எறியுற கிளைடர் பிள்ளையளுக்கு நல்லது, ரெண்டு நாளுல முடிச்சிரலாம். ஜெட் ஜெட்டா பறக்கணும்னா ஈடிஎஃப்தான்.

இப்ப வாம்பயர். இது 1943 செப்டம்பர் 20-ல முதல்ல பறந்த விமானம், 1948-ல நம்ம விமானப்படைக்கு வந்த முதல் ஜெட்டும் இதுதான், பின்னால பெங்களூரு ஹெச்ஏஎல்லயே கட்டுனாவ. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா நிஜ வாம்பயரோட நடு பாடியே மரம், ரெண்டு பிளைவுட் தோலுக்கு நடுவுல பால்சா வச்சு அச்சுல அழுத்திச் செஞ்சது, மஸ்கிட்டோ விமானத்துல பழகின வித்தைய அப்படியே கொண்டுவந்துட்டாவ. அப்ப நாம பால்சாவுல வாம்பயர் கட்டும்போது பொம்மைக்காக வேற பொருள் எடுக்கல, அந்த விமானத்துக்க உள்ள இருந்த அதே மரத்தத்தான் எடுக்கோம். முட்டை மாதிரி இருக்க அந்தப் பாடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பால்சாவ கீத்தா வெட்டி, வெளிப்பக்கம் கொஞ்சம் தண்ணி தொட்டு வளைச்சு, ஒவ்வொண்ணா ஒட்டிட்டு உப்புத்தாள் போட்டு இழைச்சு முடிச்சப்ப கையில இருந்து கீழ வைக்கவே மனசு வரல.

ரெண்டு வால் கம்பு, பூம்னு சொல்றது, ஏன் வச்சாங்கன்னு தெரிஞ்சா மாடல் கட்டுறவங்களுக்கு ரொம்ப உதவும். அந்தக் காலத்து ஜெட் எஞ்சினுக்கு பலம் கம்மி, நீளமான குழாய் வழியா காத்த வெளிய விட்டா அதுலயே கொஞ்சம் பலம் போயிரும், அதனால குழாயக் குட்டையா வச்சு வால ரெண்டு பக்கமும் கம்புல தூக்கிட்டாங்க. நம்ம சின்ன ஃபேனுக்கும் அதே கதைதான். வாம்பயர்ல ஃபேனுக்குப் பின்னால ஒரு சாண் குழாய் கூட வராது. மிக்குல நடு பாடியில இருந்து வால் நுனி வரைக்கும் குழாய் போகணும், ஜெராக்ஸ் கடையில கிடைக்க ஓஹெச்பி ஷீட்ட, கண்ணாடி மாதிரி இருக்க பிளாஸ்டிக் தாள, சுருட்டி நான் செஞ்சேன், ஒட்டுன இடம் உள்பக்கம் துருத்திட்டு இருந்தா அதுலயும் காத்து தடங்கும். ஒரே ஃபேன், ஒரே பேட்டரி, ஆனா கையில பிடிச்சு த்ராட்டில் கொடுத்தா வாம்பயர் இழுக்குற இழுப்பு தனியாத் தெரியுது.

மிக்-15 அழகு. அத மறுக்க முடியாது. 1947 டிசம்பர் 30-ல முதல்ல பறந்தது, 35 டிகிரி பின்னால சாஞ்ச ரெக்கை, மேல உசரத்துல வாலு, தூரத்துல பாத்தாலே ஜெட்டுன்னு தெரியும். பாடி ஒரே உருளை, வட்ட வட்டமா ஃபார்மர், அதாவது பாடிக்க குறுக்குச் சட்டம், வெட்டி பலகை ஒட்டிட்டா முடிஞ்சுது, வாம்பயர் முட்டையவிட சுலபம். மூக்குல இருக்க வாய்ல காத்து நேரா உள்ள வரும்னு நினைப்போம், ஆனா நிஜ விமானத்துலயே அது ரெண்டாப் பிரிஞ்சு காக்பிட்ட சுத்தித்தான் எஞ்சினுக்குப் போகுது. நம்ம மாடல்ல அந்த எடத்துல பேட்டரி இருக்கும், அதனால அடிவயித்துல ஒரு ஓட்டை வெட்டியாகணும். வாம்பயருக்கும் ஓட்டை வேணும், ரெக்கை வேர்ல இருக்க வாய் மட்டும் பத்தாது.

இனி முக்கியமான விஷயம். ரெக்கை முறுக்கு.

வெளியூர்க்காரங்க போடுற வீடியோ எதுலயும் இதப் பத்தி பேச மாட்டாங்க, ஏன்னா அவங்க ஊருல வருசத்துக்கு ரெண்டு மழை கிடையாது. நமக்கு ஜூன்ல ஒரு மழை, அது முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள ஐப்பசி மழை, நடுவுல கடல் காத்து. அரிசிப் பானையில உப்பு வச்சா கசிஞ்சு போற ஊரு இது. பால்சா மரம் பஞ்சு மாதிரி, ஈரத்தக் குடிக்கும், குடிச்சா விரியும், காஞ்சா சுருங்கும், ஆனா எல்லாப் பலகையும் ஒரே அளவுக்கு விரியாது. மரத்த எந்தப் பக்கமா அறுத்தாங்கன்றதப் பொறுத்து மாறும். புள்ளி புள்ளியா மினுக்கமா இருக்க பலகை, சி கிரெய்ன்னு சொல்லுவாங்க, அது வெறைப்பா இருக்கும், அகலத்துல ரொம்ப விரியாது. ஏ கிரெய்ன் நல்லா வளையும், பாடிக்கு அதுதான் வேணும், ஆனா ஈரத்துக்கு நல்லா ஆடும். ரெக்கையில மேல ஒரு பலகை கீழ ஒரு பலகை, ரெண்டும் வேற வேற மரத்துல இருந்து வந்தா ஒண்ணு இழுக்கும் ஒண்ணு விடும், ரெக்கை முறுகிரும்.

எனக்க மிக் ஒரு செப்டம்பர்ல முடிஞ்சுது. நல்லா நேரா இருந்துது, மேசையில வச்சு அளந்துதான் சொல்றேன். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க சுவத்துல தொங்குச்சு. வயல்ல கும்பப்பூ நெல்லு அறுத்து முடிச்சு மாசியில எறச்சகுளம் பக்கம் கொண்டுபோயி எறிஞ்சேன். வேகத்துல வலப்பக்கமா சாஞ்சுது, ட்ரிம் போட்டு, அதாவது ரிமோட்ல எதிர்ப்பக்கமா கொஞ்சம் நிலையா திருப்பி வச்சு, நிமித்துனேன், சரியாயிட்டுன்னு நினைச்சேன். ரெண்டு ரவுண்டு சுத்தி எறக்கலாம்னு த்ராட்டில கொறச்ச உடனே இடது நுனி பட்டுனு விழுந்து வரப்புல குத்திட்டு. வீட்டுல வந்து அளந்தா இடது நுனியில முன் விளிம்பு மூணு மில்லிமீட்டர் தூக்கிட்டு இருக்கு. நுனி அகலம் பதினோரு சென்டிமீட்டர், அப்ப அது ஒன்றரை டிகிரி. இந்த ஒன்றரை டிகிரிதான் வேகத்துல இடது ரெக்கைய மேல தூக்கி விமானத்த வலப்பக்கம் சாய்ச்சிருக்கு, மெதுவாப் போகும்போது அதே இடது நுனி முதல்ல ஸ்டால் ஆயிருக்கு, அதாவது தூக்கல் போயிருக்கு. ட்ரிம் போட்டு முதல் வியாதிய மறைக்கலாம், ரெண்டாவது வியாதி எறங்கும்போது வெளிய வரும்.

பின்னால சாஞ்ச ரெக்கைக்கு நுனியிலதான் ஸ்டால் தொடங்கும், அந்த நுனி விமானத்தோட எடைநடுவுக்குப் பின்னால இருக்கு, அங்க தூக்கல் போனா மூக்கு இன்னும் மேல ஏறும். அதனால ரெண்டு நுனியும் முன் விளிம்பு கொஞ்சம் கீழ இருக்குற மாதிரி, அதுவும் ரெண்டும் ஒரே அளவுல, வச்சிருக்கணும். நிஜ மிக்-15-லயே ரெண்டு ரெக்கையும் அச்சு அசலா ஒண்ணு போல அமையாம வேகத்துல ஒரு பக்கம் சாயுற பிரச்சனை ஆரம்பத்துல இருந்திருக்கு, அதுக்கப்புறம்தான் ரெக்கைய வெறைப்பாக்குனாங்க. உலோக ரெக்கைக்கே அப்படின்னா நம்ம பால்சாவுக்கு என்ன சொல்ல.

வாம்பயரும் அதே அறையில அதே மழையில இருந்துது. அதுவும் முறுகுச்சு, ரெண்டு மில்லிமீட்டர். ஆனா நேரா இருக்க ரெக்கைய பின்னால இருந்து ஒரு கண்ண மூடிட்டுப் பாத்தாலே தெரிஞ்சிரும், அடுப்புல கெண்டிய வச்சு ஆவியில காட்டி, எதிர்ப்பக்கமா கொஞ்சம் கூடுதலா முறுக்கி ஆறுற வரைக்கும் பிடிச்சா அரை மணிக்கூறுல சரியாயிடும். மிக் ரெக்கைய முறுக்குனா கூடவே வளையவும் செய்யுது, முறுக்கு போச்சா வளைவு வந்துட்டான்னு கண்ணால கண்டுபிடிக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் கேரம் போர்டு மேல கட்டைய முட்டுக் கொடுத்து வச்சு நாலு இடத்துல அளக்கணும். மூணு தடவை சரி பண்ணேன், மூணு தடவையும் அடுத்த மழைக்குத் திரும்பி வந்துட்டு. வாம்பயருக்கு கீழ்ப்பக்கத்தப் பிரிச்சு ரெக்கைக்குள்ள விலா எலும்பு மாதிரி வரிசையா நிக்குற ரிப்புக்கு ரிப்பு குறுக்கா மூணு மில்லிமீட்டர் குச்சி ஒட்டுனேன், அதுக்கப்புறம் ரெண்டு மழை போச்சு, ஒரு மில்லிமீட்டருக்கு மேல நகரல. அந்த ஒரு மில்லிமீட்டர் அதுக்குப் பெரிய விஷயமும் இல்ல, ட்ரிம்ல போயிரும், எறங்கும்போது நேரா மூக்கத் தாத்திட்டு வரும்.

வாம்பயருக்கும் குறை உண்டு, மறைக்கல. பூம்தான் அது. கொஞ்சம் வேகமா தரையில தட்டுனா ரெக்கைக்குப் பின்னால பூம் ஒட்டுன இடத்துல விரிசல் விடும், எனக்கு நாலு தடவை ஆயிருக்கு. ஒரு பக்கம் விரிசல் விட்டா வாலு கோணிரும், அத கவனிக்காம அடுத்த தடவை எறியக் கூடாது. ஃபெவிக்விக் விட்டா ஒட்டும், ஆனா அது உடையுற மாதிரி வெறைப்பு, அடுத்த தட்டுல பக்கத்துல உடையும். மெதுவா காயுற வெள்ளை ஃபெவிகால் போட்டு மேல பழைய காட்டன் துணித்துண்டு சுத்துனா நிக்கும். மூக்கு குட்டையா இருக்கதால முன்னால எடையும் போதாது, குளச்சல்ல வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு வாங்கி 20 கிராம் வச்சேன். அந்த 20 கிராம் எனக்கு மனசுல உறுத்தலாத்தான் இருக்கு.

சேமிக்குற விஷயத்துல கொலசேகரத்துல இருக்க எங்க மாமா ஒண்ணு சொன்னாரு. ரப்பர் ஷீட் காயப்போடுற புகைப்புரையில கொண்டு வை மக்கா, ஒரு பொட்டு ஈரம் ஏறாதுன்னாரு. கரி பிடிச்சிரும்னு வைக்கல, ஆனா அவரு சொன்ன விஷயம் சரி, எப்பவும் ஒரே மாதிரி காஞ்ச காத்து இருந்தா மரம் அசையாது. பிளைவுட்ல ஒரு பெட்டி அடிச்சு உள்ள பழைய குண்டு பல்பு ஒண்ணு, எல்ஈடி போட்டா சூடு வராது, மரத்துக்குப் படாம தூரமா மாட்டி, மழை நாளுல நான் முழிச்சிருக்க நேரம் மட்டும் எரியவிடுறேன், பேட்டரிய அதுக்குள்ள வைக்கவே கூடாது. இந்தப் பெட்டி வந்து ஒரு மழைதான் ஆகுது, நல்லா இருக்கு, ரெண்டு மூணு வருசம் போனாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.

ரெக்கையில ஒட்டுற டிஷ்யூ காகிதத்து மேல அடிக்க டோப்புங்குற வார்னிஷுக்குப் பதிலா ஆசாரிமாரு கட்டிலுக்கு அடிக்க என்சி லாக்கர தின்னர்ல பாதிக்குப் பாதி கலந்து அடிக்கேன். மழை பெய்யுற அன்னைக்கு அடிச்சா வெள்ளையாப் பூத்திரும், காத்துல இருக்க ஈரம் அதுல படிஞ்சிரும். தை, மாசியில காலம்பற பத்து மணிக்கு மேல அடிங்க. ரெக்கைக்கு மேலயும் கீழயும் ஒரே நாளுல அடிச்சிரணும், மேல மட்டும் அடிச்சுட்டு நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா அந்த ராத்திரியே முறுகிரும்.

பறக்கவிடுற காலமும் அதே தை, மாசி, பங்குனிதான். அறுத்த வயல்ல தாள் நிக்கும், எறங்குனா மெத்தை மாதிரி. ஆடியில ஆரல்வாய்மொழி பக்கமே போகாதீங்க, முப்பந்தல்ல காத்தாடி சுத்துற காத்துல 400 கிராம் பால்சா நிக்காது. தேரூர், சுசீந்திரம் குளத்துப் பக்கமும் வேண்டாம், 2022-ல ராம்சர்ங்குற உலக ஈரநிலப் பட்டியல்ல சேத்த எடம், எங்கிருந்தெல்லாமோ பறவை வந்து இருக்கு, அதுக்கு மேல இரைச்சலோட ஒரு ஜெட்ட விடுறது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

எறியும்போது வாம்பயர் பாடிய கீழ இருந்து நல்லாப் பிடிக்கலாம், ஒரே ஆளு போதும். மிக்குக்கு சைக்கிள் டியூப் போட்டு இழுத்து விட்டாத்தான் நம்பிக்கை, கையால எறிஞ்சதுல பாதி நேரம் தாந்துதான் போச்சு. 64 மில்லிமீட்டர் ஃபேன் போட்டா இது சரியாகலாம், நான் போட்டதில்ல. பறக்குற நேரம் ரெண்டுக்கும் மூணரை நிமிசம்.

இவ்வளவு சொல்லியும் மிக்குதான் வேணும்னா கட்டுங்க, தடுக்க மாட்டேன், அது பக்கவாட்டுல திரும்பும்போது வெயில் பட்டு மின்னுறதப் பாத்த எனக்கே இன்னும் ஆசை போகல. ஆனா ரெக்கைக்கு மேலயும் கீழயும் ஒரே பலகையில இருந்து வெட்டுங்க, இடது வலதுக்கும் அதே மாதிரி அடுத்தடுத்து வெட்டுங்க, ரிப்பெல்லாம் சி கிரெய்ன், குறுக்குக் குச்சி முதல்லயே வச்சிருங்க, நுனி ரெண்டும் முன் விளிம்பு ரெண்டு மில்லிமீட்டர் கீழ இருக்குற மாதிரி கட்டையில ஆணியடிச்சுக் காயவிடுங்க. எனக்க மிக்குக்கும் அப்படி ஒரு புது ரெக்கை வெட்டி வச்சிருக்கேன், இந்த ஐப்பசி மழை போன பொறவு ஒட்டணும்.