சிறுநீர்க் கதீட்டர்: வெள்ளிப் பூச்சா, மருந்துப் பூச்சா, வெறும் குழாயா?

சிறுநீரை வடிக்கச் சிறுநீர்ப்பைக்குள் செருகும் குழாய்தான் கதீட்டர். பல நாள் உடலுக்குள் இருந்த ஒன்றை நீளவாக்கில் பிளந்து பார்த்தால், உட்சுவரில் வழுவழுப்பான படிவம் ஒட்டியிருக்கும். கையுறை விரலால் தேய்த்தால் சில வேளை மணல்போல் நெருடும். இதுதான் உயிர்ப்படலம். தாமே சுரந்த பிசினுக்குள் புதைந்து, மெதுவாக வளரும் பாக்டீரியாக்களை, சிறுநீரில் மிதக்கும் அதே பாக்டீரியாக்களைக் கொல்லும் அளவு மருந்து அசைப்பதில்லை. படலம் உருவாகாமலே தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் வந்தவைதான் பூச்சுக் கதீட்டர்கள்.

வெள்ளிக் கலவைப் பூச்சிலிருந்து வெளிப்படும் அயனிகள் கிருமியின் புரதங்களைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்கின்றன. ஆய்வகத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. உடலுக்குள்ளோ சிறுநீரின் புரதங்கள் விரைவிலேயே குழாயின்மேல் படிந்துவிடுவதால், கிருமி வந்து ஒட்டுவது பெரும்பாலும் அந்தப் படிவின்மேல்தான். நைட்ரோஃபியூரசோன் என்ற கிருமிக்கொல்லி ஊறிய குழாயிலிருந்து மருந்து மெல்லக் கசிந்து சுற்றிலும் பரவும் என்பதால், அதற்கு இந்தத் தடை குறைவு. ஆனால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அதற்கு எளிதில் அடங்காது. மருந்து தீர்ந்துபோகவும் செய்யும்.

பிரிட்டனில் 7102 பேரைக் கொண்டு மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2012இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. ஆறு வாரத்துக்குள் அறிகுறியுடன் கூடிய தொற்றுக்கு மருந்து தேவைப்பட்டவர்கள் கிருமிக்கொல்லி இல்லாமல் டெஃப்லான் பூச்சு மட்டும் உள்ள வழக்கமான குழாயில் 12.6 சதவீதம், வெள்ளியில் 12.5, நைட்ரோஃபியூரசோனில் 10.6. வெள்ளிக்காகக் கூடுதல் விலை கொடுக்க இதில் ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. நைட்ரோஃபியூரசோனின் இரண்டு புள்ளி ஆதாயமோ, பயனுள்ளது என்று கருத ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்திருந்த 3.3 சதவீதப் புள்ளி வரம்பை எட்டவில்லை. அதை அணிந்தவர்கள் எரிச்சலையும் வலியையும் அதிகம் சொன்னார்கள்.

இவற்றோடு ஒப்பிட வேண்டிய நான்காவது தேர்வு, குழாயைச் சீக்கிரம் எடுப்பது. கதீட்டர் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு சுமார் 3 முதல் 7 சதவீதம் என்பதால், தேவையற்ற இரண்டு நாளைக் குறைப்பது எந்தப் பூச்சையும்விடப் பயன் தரும். 'இன்றும் இது தேவையா?' என்று செவிலியர் தினமும் கேட்கும் நடைமுறைக்குச் செலவும் மிகக் குறைவு.

மாதக்கணக்கில் குழாய் தேவைப்படுவோரின் கதை வேறு. அவர்களிடம் குடியேறும் புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா, யூரியாவைச் சிதைத்துச் சிறுநீரைக் காரமாக்க, அதிலுள்ள தாதுக்கள் படிகமாகிப் படலத்தில் சேர்ந்து குழாயையே அடைக்கின்றன. முதலில் சொன்ன மணல் நெருடல் அதுதான். படிகம் மூடிய பூச்சால் பயனில்லை என்பதால், முடிந்தவர்களுக்கு அவ்வப்போது செருகி எடுக்கும் முறையையும், முடியாதவர்களுக்கு அடைப்பதற்கு முன்பே மாற்றும் கால அட்டவணையையும்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.